இரண்டாவது பெடல்

"டீச்சர், பிரேக் போட்டா கை உதறுது. என் கையா, வண்டியா?" என்று பல் டாக்டர் கேட்டாள்.

பக்கத்து இருக்கையில் இருந்தவள் இன்னொரு தடவை பிரேக் போடச் சொல்லிவிட்டு, ஸ்டீயரிங்கின் விளிம்பில் தன் விரல்களை லேசாக வைத்துப் பார்த்தாள். வேகம் குறையக் குறைய, உள்ளே ஏதோ சின்னப் பிராணி அடைபட்டு உதைப்பதுபோல ஒரு துடிப்பு விரலுக்கு வந்தது. வண்டி நின்றதும் அடங்கிவிட்டது. "வண்டிதான். உங்க கைமேல தப்பில்ல" என்றாள். பல் டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் ஊசி பிடிக்கிற கை அது. நடுங்குகிறது என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் வாயைத் திறப்பார்கள்? காலைப் பற்றி அவளுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. கை சொன்ன பேச்சைக் கேட்கும், கால் கேட்காது என்று முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.

ஓட்டுநர் பயிற்சி வண்டி அது. ஓட்டுகிறவரின் காலடியில் இருப்பதுபோலவே, சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இரண்டையும் ஒரு இரும்புத் தண்டு இணைத்திருக்கும். எதை மிதித்தாலும் மற்றதும் கூடவே இறங்கும். ஆகவே வண்டி சட்டென்று நின்றால் மிதித்தது யார் என்ற பேச்சே எழாது. டீச்சர்தான் மிதித்தாள் என்று ஓட்டுகிறவர் நினைத்துக்கொள்வார்; ஓட்டுகிறவர்தான் மிதித்தார் என்று டீச்சர் நினைத்துக்கொள்வாள். இந்த ஏற்பாட்டுக்குள் இப்படி ஒரு ஓட்டை இருந்தது அவளுக்கு ரொம்பப் பின்னால்தான் உறைத்தது.

பயிற்சிப் பள்ளி அவள் கணவனுடையது. ஊரில் பாதிப்பேர் அவரிடம் வண்டி பழகியவர்கள்தான். எல்லோருக்கும் அவர் சார். மனைவியிடம்கூட வண்டிக்குள் இருக்கும்போது சார் தோரணைதான். கல்யாணமான புதிதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது, "கண்ணாடில உன் மூஞ்சியப் பாக்காத, பின்னாடி வர்ற வண்டியப் பாரு" என்று சொல்லி இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது உண்டு. 

போன மழைக்காலத்தில் ஒரு தையல்காரம்மாவுக்கு வண்டி பழக்கிக்கொண்டிருந்தபோது அவருக்கு மூளையில் ரத்தம் கட்டியது. நேரான ரோட்டில் வண்டி திடீரென்று நின்றது. சார் ஒன்றும் பேசவில்லை. தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம், கோபத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணி, தையல்காரம்மா "இனிமே ஒழுங்கா ஓட்டறேன் சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பின்னால் ஹாரன் அடித்தவர்கள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தபிறகுதான் வாய் ஒரு பக்கம் கோணியிருப்பது தெரிந்தது. உடம்பு முழுவதும் துவண்டு கிடந்தது. வலது கால் மட்டும் பெடலை அடிமட்டம்வரை அழுத்தி வைத்திருந்தது. அந்தக் காலை எடுக்க இரண்டு ஆண்கள் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது பக்கம் முழுவதும் போயிருந்தது. பேச்சும் போயிருந்தது. முன்னறையில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டார்கள். சாரின் அக்கா, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் காட்சி என்று எதிலும் சிக்காதவள், ஒரு பெட்டியோடு வந்து இறங்கி, "நீ போய் வண்டியப் பாரு, நான் இவனப் பாத்துக்கறேன்" என்றாள். அப்படித்தான் மனைவி டீச்சர் ஆனாள்.

டீச்சரின் அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு மெக்கானிக் ஷெட். ஆள் வாயாடி. வண்டியின் அடியில் படுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவான். ஸ்டீயரிங் உதறுகிறது என்று அவள் போய் நின்றதும் முன்சக்கரத்தைக் கழற்றி ஓரமாக உருட்டிவிட்டு, உள்ளே இருந்த இரும்புத் தட்டை விரலால் தடவினான். அதைத்தான் டிஸ்க் என்பார்கள். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் இருக்கும் பேடுகள் அதைக் கவ்விப் பிடித்து நிறுத்தும். கவ்விக் கவ்வித் தேய்ந்து, ஒரு அளவுக்குக் கீழே மெலிந்துபோனால் மாற்றியே ஆகவேண்டும்.

"இங்க வந்து பாரு. ஓரத்துல வரப்பு கட்டியிருக்கு" என்றான். தட்டின் விளிம்பு மட்டும் தேயாமல் உயர்ந்து நிற்க, உள்பக்கம் முழுவதும் வட்ட வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. சூடு கண்ட நீலம் என்றான். கவட்டைபோல இருந்த அளவுகோலால் தட்டைக் கவ்வி அளந்தான். துடைத்துவிட்டு மறுபடி அளந்தான்.

"கோடைக்கு முன்னாடிதானே புதுசு மாட்டினேன்?"

"ஆமா."

"மலைய விட்டே எறங்காத லாரிலகூட இப்படித் தேஞ்சு நான் பாத்ததில்ல. என்னம்மா, நீ வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியா, நிறுத்தச் சொல்லித் தர்றியா?"

"பழகறவங்க வண்டிண்ணா. பயத்துல எல்லாரும் பிரேக்லயேதான் கால வெச்சிருப்பாங்க."

"அதுல பேடு போகும். ரெண்டு மூணு செட் பேடு போனப்புறம்தான் டிஸ்க் போகும். இங்க ரெண்டும் கைகோத்துக்கிட்டுப் போயிருக்கு." புது டிஸ்கை எடுத்து எண்ணெய் போகத் துடைத்து மாட்டினான். "கொஞ்ச நாளைக்கு ஓங்கி மிதிக்காதீங்க. புது மாப்பிள்ளை மாதிரி பக்குவமா வெச்சுப் பழக்கணும்" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டான்.

அவளும் மாணவர்களிடம் அதையே சொன்னாள். எல்லோரும் பூப்போல மிதித்தார்கள். அப்படியிருந்தும் குளிர் தொடங்கும் முன்பே உதறல் திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு சத்தம், தகரத்தில் யாரோ நகத்தால் கீறுவதுபோல. இரண்டாம் தடவை சக்கரத்தைக் கழற்றியபோது அண்ணன் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. பழைய டிஸ்கை எடைக்குப் போடும் குவியலில் வீசாமல் மேஜைமேல் வைத்துவிட்டு, போகவர அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரேக் பிடித்தபடியே சிக்கிக்கொள்கிறதோ என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. யோசித்துப் பார்த்தால் வண்டி காரணமில்லாமல் நிற்பது கொஞ்ச நாளாகவே நடந்துகொண்டிருந்தது. முன்னால் ஆள் இல்லை, வண்டி இல்லை, மேடு பள்ளம் இல்லை. சட்டென்று நிற்கும். ஓட்டுகிறவர் திரும்பி அவளைப் பார்ப்பார். அவள், "பரவாயில்ல, எடுங்க" என்பாள். ஓட்டுகிறவர்தான் பயந்து மிதித்துவிட்டார் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தாள். ஒருவேளை மிதிப்பது தன் கால்தானோ? தனக்குத் தெரியாமலே தன் கால் ஒரு வேலை பார்க்கிறதோ? குளிக்கும்போதும் சமைக்கும்போதும் வலது பாதத்தைக் குனிந்து குனிந்து பார்த்தாள். அது ஒன்றும் அறியாததுபோல இருந்தது. சாருக்கு வந்தது இப்படித்தான் ஆரம்பித்ததோ என்று ஒரு நினைப்பு வந்து, அதை யாரிடமும் சொல்லாமல் விழுங்கினாள்.

மறுநாள் காலை பல் டாக்டரின் முறை. ஊருக்கு வெளியே கிடங்குகள் வரிசையாக இருக்கும் ரோடு. பழகுவதற்குத் தோதான இடம். லாரிகள் பதினோரு மணிக்கு மேல்தான் வரத் தொடங்கும். அந்த ரோட்டுக்குத் திரும்பியதும் டீச்சர் செருப்பைக் கழற்றினாள். இரண்டு கால்களையும் தூக்கி, சின்னப்பெண்போல இருக்கையின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

"என்ன டீச்சர், கால் வலியா?"

"ஆமா. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ரோட்டைப் பார்க்காதவள் அவள்தான். பல் டாக்டரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. அது ஆக்சிலேட்டர்மேல் இருந்தது. இரண்டு கிடங்குகள் தாண்டின. ஷூ அசையவில்லை. ஆக்சிலேட்டருக்குப் பக்கத்தில் இருந்த பிரேக் பெடல் அசைந்தது. யாருடைய காலும் படாமல், அவசரமே இல்லாமல், வழி தெரிந்த ஒன்றைப்போல அது கீழே இறங்கிற்று. அவள் தன் பக்கம் குனிந்து பார்த்தாள். ஆளில்லாத தன் பெடலும் இறங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் அழுந்தி விளிம்பு மடங்குவது தெரிந்தது. வண்டி குலுங்கி நின்றது.

பல் டாக்டர் திரும்பி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சம்மணம் போட்டிருந்த காலைப் பார்த்தாள். அதன் பிறகு தன் ஷூவை.

"நான் மிதிக்கல" என்றாள். "சத்தியமா நான் மிதிக்கல."

"தெரியும்."

பின்னால் ஒரு வேன்காரன் கத்திக்கொண்டே ஒடித்துத் தாண்டிப் போனான். கொஞ்சம் தவறியிருந்தால் இடித்திருப்பான். முன்னால் ரோடு வெறிச்சென்று கிடந்தது. இரண்டு பெண்களும் பெடல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்றுப் பொறுத்து, இறங்கிய அதே நிதானத்தோடு அவை மேலே வந்தன. பல் டாக்டர் கதவைத் திறந்து இறங்கினாள். டீச்சரே ஓட்டிக்கொண்டு போய் அவளை அவள் வீட்டு வாசலில் விட்டாள். இறங்கும்போது, "நான் பஸ்லயே போய்க்கறேன் டீச்சர். பழகிப்போச்சு" என்றாள். அதற்குப்பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் முன்னறையில் நாத்தனார் தரையில் உட்கார்ந்து, சுத்தியலால் கட்டிலின் கால்மாட்டுப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பலகை ஒரு மூலையில் ஆணியோடு பெயர்ந்து வந்திருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"உன் புருஷன் பண்ண வேலை. கஞ்சி குடுத்துட்டு வாயத் தொடச்சுக்கிட்டிருக்கேன், அப்படி ஒரு மிதி. வீடே அதிர்ந்துபோச்சு. பலக பேந்துடுச்சு."

"எப்போ?"

"கொஞ்ச நேரத்துக்கு முன்னாடிதான். எப்பவும் செய்யறதுதான், இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. சின்ன வயசுல நில்லுன்னா ஓடுவான், ஓடுன்னா நிப்பான். இப்பப் படுத்த எடத்துல இருந்துக்கிட்டே படுத்தறான்."

அவர் மிதிப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயந்தான். செயலிழந்த வலது கால்தான் மிதிக்கும். உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண் அதற்குத் தசை இறுக்கம் என்று பெயர் சொல்லியிருந்தாள். நரம்பு விட்டுப்போன தசை தானாக விறைத்துக்கொள்ளுமாம். அவர் வேண்டுமென்று செய்வதில்லையாம். டீச்சர் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருந்தாள். பகலில் அவள் வீட்டில் இருப்பதே இல்லை. அவள் இருக்கும் நேரத்தில் அந்தக் கால் ஒருதடவைகூட மிதித்ததில்லை. இப்போதுதான் அந்த நினைப்பு வந்து முள்ளாகக் குத்தியது. அவள் வீட்டில் இருந்தால் வண்டியும் வாசலில்தானே நிற்கும்.

போர்வையை விலக்கிப் பாதத்தைப் பார்த்தாள். விரல்களுக்குக் கீழே, பெடல் படும் இடத்தில், தோல் காய்த்துத் தடித்திருந்தது. நடுவில் வெடித்து ஈரம் கசிந்தது. நடக்காத மனிதனின் உள்ளங்கால் பச்சைப்பிள்ளையின் பாதம்போல மெத்தென்று இருக்கவேண்டும். மற்ற கால் அப்படித்தான் இருந்தது.

அண்ணனிடம் பாதியைத்தான் சொன்னாள். பெடல் தானாக இறங்குகிறது என்றாள். காலைப் பற்றிச் சொல்லவில்லை. அவன், "தண்டுதான் எங்கியோ இழுக்குது, வேற என்ன" என்று சொல்லி, அவள் பக்கத்து பெடலையும் தண்டையும் முழுசாகக் கழற்றி எடுத்தான். அங்கே இப்போது தரைவிரிப்பும் அதில் போல்ட் இருந்த ஓட்டைகளும்தான். அடுத்த நாள் முற்பகல், "நானே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்து விடறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனான்.

வண்டி தெரு முனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் அவள் கட்டிலின் கால்மாட்டில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். போர்வையை முழங்கால்வரை மடித்துவிட்டாள். சார் தூங்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அந்தக் கால் யாரோ அங்கே வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன பொருளைப்போலக் கிடந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்துப் பார்த்து அது கால் என்பதே மறந்துபோகும் நேரத்தில், குதிகாலுக்கு மேலே இருந்த நரம்பு விண்ணென்று தெறித்து நின்றது. விரல்கள் விரிந்தன. பாதம் பலகையைத் தேடிப்போய்ப் பொருந்தி, அழுத்தியது. ஆணி முனகியது. அவர் மூச்சில் ஒரு மாற்றமும் இல்லை. கண் மூடியே இருந்தது.

அவள் இரண்டு கைகளாலும் பாதத்தைப் பிடித்துப் பலகையிலிருந்து விலக்கித் தள்ளிப் பார்த்தாள். சுவரைத் தள்ளுவதுபோல இருந்தது. சில்லென்று இருக்கும் கால் அது, அப்போது கொதித்தது. கொஞ்ச நேரத்தில் அதுவாகத் தளர்ந்து அவள் உள்ளங்கைக்குள் விழுந்தது.

அண்ணன் நடந்து வந்து சேர்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "வண்டி பேக்கரி முனைல நிக்குது. யாராவது எடுத்துட்டு வரட்டும், நான் ஏற மாட்டேன்" என்று சாவியை ஜன்னல் திட்டில் வைத்தான். சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

"தண்டு இல்ல. ரெண்டாவது பெடல் இல்ல. நான் ஒருத்தன்தான் வண்டில. ரோட்ல ஒரு நாய்கூட இல்ல. எங்காலுக்கு அடில இருந்து பெடல் நழுவிக் கீழ போச்சும்மா. நான் புறங்கால வெச்சுத் தூக்கிப் பாத்தேன். வரல."

"எப்போண்ணா?"

"இப்பத்தான். பேக்கரி முனைலதான்னு சொல்றேனே."

அவள் கையில் இன்னும் அந்தச் சூடு இருந்தது. அண்ணன் கட்டிலைப் பார்த்தான். மடித்த போர்வையைப் பார்த்தான், பெயர்ந்து அடிக்கப்பட்ட பலகையைப் பார்த்தான், பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தான். அதோடு செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

புண் ஆறவில்லை. பாதத்தில் வைத்த பஞ்சு தினமும் ரத்தத்தோடுதான் வந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கெண்டைக்காலில் ஒரு ஊசி போட்டால் இறுக்கம் விட்டுவிடும், கால் அதுபாட்டுக்குக் கிடக்கும், பிறகு தொந்தரவு இருக்காது என்றார். நாத்தனார் உடனே நாள் குறித்துவிட்டாள்.

"போட்டுடலாம். புழு வைக்கிறதுக்கு முன்னாடி போட்டுடலாம்" என்றாள்.

"அவருக்குன்னு அசையறது அது ஒண்ணுதானேக்கா."

"அசையறதுன்னு நீ சொல்ற. நான் தெனமும் பஞ்சு மாத்தறேன்." நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. நீ வண்டிய எடுத்துட்டுப் போனாத்தான் இவன் மிதிக்கிறான். நாலு மாசமா எனக்குத் தெரியும். சொன்னா நீ வண்டி ஓட்டறத விட்டுடுவியேன்னு சொல்லல. இருபத்தஞ்சு வருஷம் ஒயர்ல வர்ற குரலக் கேட்டவ நான். தூரத்துல இருந்து வர்றது எது, பக்கத்துல இருந்து வர்றது எதுன்னு எனக்குத் தெரியும். இது பக்கத்துல இருந்து வரல."

ஊசிக்குக் குறித்த நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், டீச்சர் அண்ணனை வரச்சொன்னாள். சாரை வண்டியில் ஏற்றவேண்டும் என்றாள். உனக்குப் பித்துப் பிடித்திருக்கிறதா என்று அவன் கேட்டான். கேட்டுவிட்டுத் தூக்கவும் செய்தான். அவன் தோள்பக்கமும் அவள் கால்பக்கமும் பிடித்து, முன்னால் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்தார்கள். வருஷக்கணக்கில் அவர் இடம் அதுதானே. நாத்தனார் அவருக்குத் தலை வாரி, வேலைக்குப் போடும் அரைக்கைச் சட்டையை மாட்டிவிட்டு, இருக்கைப் பட்டையை இழுத்துப் பூட்டினாள். நீங்களும் வாங்கக்கா என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். "எதுக்கு நிறுத்தறான்னு உனக்குத் தெரிஞ்சுக்கணும். எனக்கு வேண்டாம்மா" என்று சொல்லி, வண்டி கிளம்பும் முன்பே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் பக்கத்தில் இருக்க அவள் வண்டி ஓட்டி எத்தனையோ வருடமாகிவிட்டது. கடைத்தெரு வழியாகப் போனாள். சைக்கிளும் ஆட்டோவும் தள்ளுவண்டியுமாக நெரிசல். அவளேதான் பிரேக் பிடித்துப் பிடித்துப் போகவேண்டியிருந்தது. புது டிஸ்க் சத்தமில்லாமல் பிடித்தது. சாரின் தலை ஒவ்வொரு திருப்பத்துக்கும் கொஞ்சம் சாய்ந்து நிமிர்ந்தது. கால் தரைவிரிப்பின்மேல் கிடந்தது. "என்னங்க, காத்து போதுமா?" என்று கேட்டாள். "கடைலாம் மாறிப்போச்சு பாத்தீங்களா?" என்றாள். கேட்கவந்ததைக் கேட்க நா எழவில்லை. ஆஸ்பத்திரி தாண்டி, விளையாட்டு மைதானம் தாண்டி, மில் சுவரை ஒட்டிப் போகும் நீண்ட ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்திலேயே இருப்பதால் நடக்காதோ என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

"எதுக்குங்க நிறுத்தறீங்க?" என்று கடைசியில் கேட்டேவிட்டாள். "நாளைக்கு ஊசி போடப் போறாங்க. அப்புறம் கேக்கவும் முடியாது. எதையாவது பாக்கறீங்களா?"

மில் சுவரின் நிழல் ரோட்டில் பாதியை மூடியிருந்தது. சுவர் பாதி போயிருக்கும், பக்கத்தில் தரைவிரிப்பு நெரியும் சத்தம் கேட்டது. அவர் கால் நீண்டு, ஒன்றுமில்லாத இடத்தில், ஓட்டைகளுக்கு நடுவே ஊன்றியிருந்தது. அதே நேரம் அவள் காலடியில் பெடல் இறங்கியது. அவள் தன் காலை வேண்டுமென்றே பின்னால் இழுத்துக்கொண்டாள். வண்டி வேகம் குறைந்து, ஓரத்தில் கோடு போட்டதுபோல ஒழுங்காக நின்றது. அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

ரோட்டில் யாரும் இல்லை. சுவரோரம் ஒரு காகிதம் கிடந்தது, அதுகூட அசையவில்லை.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். சாரின் கண்கள் திறந்திருந்தன. இத்தனை மாதமாக எதன்மேலும் ஊன்றாமல் இருந்த கண்கள் அவருடைய பக்கத்து ரோட்டோரத்தில் ஒரு இடத்தில் குத்திட்டு நின்றன. ஆள் உயரத்தில் அவர் பார்க்கவில்லை. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரு நாலைந்து வயதுக் குழந்தையின் முகம் இருக்கும் உயரத்தில் பார்த்தார். பார்வை மெல்ல நகர்ந்தது. கண்ணாடிக்குக் குறுக்கே, பானெட்டுக்கு முன்னால் வந்ததும் ஒருமுறை நின்றது. எதிரே இருப்பது இவர்களைத் திரும்பிப் பார்ப்பதற்கு நேரம் கொடுப்பதுபோல நின்றது. அவருடைய நல்ல கை, இடது கை, மடியிலிருந்து ஒரு விரற்கடை உயர்ந்து, போ போ என்பதாக அசைந்தது. பார்வை மறுபடி நகர்ந்து, அவள் முகத்தைப் பொருட்படுத்தாமல் கடந்து, அவள் பக்கத்து ஓரத்தில் போய் முடிந்தது.

பெடல் மேலே வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அவர் கண்கள் கிளம்பிய இடத்துக்கே திரும்பிப் போயின. அதே உயரம், அதே ஓரம். மறுபடி மெல்ல நகரத் தொடங்கின. அது முடிந்ததும் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. கை ஒவ்வொன்றுக்கும் அசைந்தது.

பின்னால் வந்த ஒரு லாரி பெரிதாக ஹாரன் அடித்தது. அவள் கையை நீட்டி எச்சரிக்கை விளக்கைப் போட்டாள். மில் சுவரின்மேல் மஞ்சள் வெளிச்சம் விட்டுவிட்டு எரியத் தொடங்கியது. லாரிக்காரன் இறங்கி, கதவை அறைந்து சாத்திவிட்டு வந்துகொண்டிருந்தான். அவன் முன்பக்கம் போய்விடாதபடி அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் காட்டினாள்.